முன்வாசலா, சந்து வாசலா?

எங்கள் படிப்பகம் சேலம் அம்மாபேட்டைப் பக்கம், முன்பு தறிக்கூடமாக இருந்த ஒரு பழைய கட்டடத்தில் நடக்கிறது. வாசலில் நான்கு படி. படிக்கு ஆறு அங்குலம் என்று மொத்தம் இரண்டு அடி உயரம். கட்டிய காலத்தில் ஆறு படி இருந்ததாக வீட்டுக்கார அம்மா சொல்வார். ரோடு போடப் போட, கீழ் இரண்டு படி தாருக்குள் போய்விட்டது. "இன்னும் இருபது வருடம் பொறுங்க, ரோடே வாசலுக்கு வந்துடும், வீல்சேருக்குச் சாய்தளம் எதுக்கு?" என்று எங்கள் பொருளாளர் கேட்டார். பாதி கிண்டல், பாதி கவலை. கையில் இருந்த பணம் ஒன்றரை லட்சம்.

குரூப் 4, குரூப் 2, போலீஸ் தேர்வு என்று நாற்பது பேர் போல வந்து படிக்கிற இடம் இது. போன வருடம் இரண்டு பேர் புதிதாகக் கேட்டு வந்தார்கள். ஒரு தம்பி, பைக் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு வீல்சேரில் இருப்பவர். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் தானே ஓட்டிக்கொண்டு வருவார். இன்னொருவர் பார்வை மிகக் குறைந்த ஒரு பெண். கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தால்தான் எழுத்து தெரியும். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு. எழுதச் சிரமப்படுபவர்களுக்குத் தேர்வில் ஒரு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. தேர்வு எழுதுகிற மேசை வரை அரசு வழி வைத்திருக்கிறது, படிக்கிற மேசைக்கு வழி எங்கள் நான்கு படியில் நின்றுபோயிருந்தது.

நான் வீட்டு பிளான் போடுகிறவன். அதனால் "நீயே பார்த்துச் சொல்லு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று கூட்டம் போட்டோம். ஏழு யோசனை வந்தது. எதை எதற்காகத் தள்ளினோம், எதை எடுத்தோம் என்று எழுதி வைத்தால், இதே மாதிரி பழைய கட்டடத்தில் நூலகமோ டியூஷனோ கிளினிக்கோ நடத்துகிற யாருக்காவது உதவும்.

தூக்கிவிடுவது

முதல் யோசனைக்குச் செலவே இல்லை. "நாப்பது பசங்க இருக்கோம், நாலு பேர் தூக்கிவிட்டாப் போதாதா?" கேட்க நல்ல மனசு மாதிரிதான் இருந்தது. இரண்டு வாரம் அப்படித்தான் செய்தோம்.

மூன்றாவது வாரம் ஒரு மழை நாள். வாசலில் பதித்திருப்பது கடப்பா கல். பின்னால் இடது பக்கம் பிடித்திருந்தவனின் செருப்பு வழுக்கியது. யாரும் விழவில்லை. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்து ஜன்னல் கம்பியில் இடித்து நின்றது, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தம்பியின் கை கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. நாற்காலியை நேராக்கிய பிறகும் அவர் கம்பியை விட அரை நிமிடம் ஆயிற்று. அடுத்த வாரம் அவர் வரவில்லை. போன் செய்தேன். "வீட்லயே படிச்சுக்கறேன்ணா" என்றார். கொஞ்சம் வற்புறுத்திக் கேட்டதும் விஷயம் வந்தது. "ஒவ்வொரு நாளும் கிளம்பறதுக்கு முன்னாடி யார் யார் இருக்காங்கன்னு போன் போட்டுக் கேக்கணும்ணா. சாயங்காலம் போகணும்னா படிக்கறவங்களை எழுப்பணும். அதுக்கு வராமலே இருந்துடலாம்."

அதற்குப் பிறகு எல்லா யோசனையையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன். யாருக்கும் போன் போடாமல் வந்து, படித்து, ஒன்றுக்குப் போய்விட்டு, தோன்றுகிற நேரத்துக்குக் கிளம்ப முடியுமா? செலவு, இடம், அழகு எல்லாம் அதற்கு அடுத்தது.

யுனிவர்சல் டிசைன், அதாவது எல்லோருக்குமான வடிவமைப்பு என்ற பெயரைக் கொண்டுவந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸும் வீல்சேரில் இருந்தவர்தான். ஒன்பது வயதில் போலியோ. வடக்கு கரோலினாவில் கட்டடக்கலை படிக்கப் போனபோது, வகுப்புக்குப் போக அவரையும் மாடிப்படிகளில் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். கழிப்பறைக் கதவுக்குள் அவர் நாற்காலி நுழையவில்லை. 1997ல் அவரும் கூட இருந்தவர்களும் சேர்ந்து ஏழு நெறிகளாக எழுதி வைத்ததில் முதலாவது, பயன்படுத்துகிற வழி முடிந்தவரை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், யாரையும் தனியாகப் பிரித்து விடக்கூடாது என்பது. இந்த முதல் நெறி எங்கள் கூட்டத்தில் பின்னால் பெரிய சண்டையைக் கிளப்பியது.

இரும்புப் பலகை

லாரிப் பட்டறை வைத்திருக்கிற உறுப்பினர் ஒருவர் எட்டடி நீளத்தில் புள்ளி போட்ட இரும்புத் தகடு ஒன்றைக் கொண்டுவந்து படிமேல் சாய்த்தார். சரக்கு ஏற்றப் போடுவார்களே, அதே தகடு. "வேணும்கறப்போ போடறது, வேண்டாங்கறப்போ எடுத்துடறது."

அந்தத் தம்பியை அதில் ஏற்றிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நானே வீல்சேரில் உட்கார்ந்தேன். ஏறும்போது இரண்டு பேர் பின்னால் இருந்து தள்ளினார்கள், ஏதோ ஏறிவிட்டேன். இறங்கும்போதுதான் தெரிந்தது. முன்சக்கரம் விளிம்பைத் தாண்டியதுமே, முறத்தில் புடைத்த அரிசி மாதிரி என் உடம்பு நாற்காலியை விட்டு முன்னால் போகிறது. இரண்டு அடி உயரத்துக்கு எட்டடித் தகடு என்றால் நாலடிக்கு ஓர் அடி ஏற்றம். மூட்டைக்குச் சரி, மனுஷனுக்கு ஆகாது.

மடக்கி வைக்கிற அலுமினியச் சாய்தளமும் கடைகளில் கிடைக்கிறது. ஒரு படி, கடைக்கு முன்னால் ஒரு சின்னத் திட்டு, இந்த மாதிரி இடத்துக்கு நல்ல சாமான். உங்கள் வாசலில் ஒரே ஒரு படி என்றால் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம், அதை வாங்கிப் போட்டுவிடுங்கள். அதுவும் எடுத்து வைக்காமல் எப்போதும் போட்டே வைத்திருங்கள். அலமாரிக்குப் பின்னால் இருந்தால் அதை எடுத்துப் போடச் சொல்லியும் ஒருவருக்குப் போன் போட வேண்டும்.

முன்வாசலில் நிரந்தரச் சாய்தளம்

எல்லோருக்கும் பிடித்த யோசனை இதுதான். எனக்கும் கூட. முன்வாசல் வழியாகவே, எல்லோரும் பார்க்க ஏறிப் போகலாம்.

இங்கே ஒரு கணக்கு. சாய்தளத்துக்கு வழக்கமாகச் சொல்கிற அளவு 1:12. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இதை எங்கள் கொத்தனாரிடம் "ஒண்ணுக்குப் பன்னெண்டு" என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "அவ்வளவு மணல் போட்டா கலவை நிக்காதுங்களே" என்றார். சிமென்ட் கலவை விகிதம் என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் "அடிக்கு ஓர் அங்குலம்" என்று மாற்றிச் சொன்னேன். உடனே டியூப் லெவலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதிலிருந்து நான் யாரிடமும் 1:12 சொல்வதில்லை.

அடிக்கு ஓர் அங்குலம் என்றால் எங்கள் இரண்டு அடிக்கு 24 அடி நீளம் வேண்டும். முன்னால் இருப்பதோ ஐந்தடி. அதற்குள்ளேயே தண்ணீர்த் தொட்டியின் மூடி. அதைத் தாண்டினால் சாக்கடை, அதைத் தாண்டினால் ரோடு. சுவர் ஓரமாகத் திருப்பி விடலாம் என்றால் முகப்பு அகலம் 18 அடி. மேலே கதவுக்கு முன்னால் நாற்காலி நின்று திரும்ப ஐந்தடிச் சமதளம் விட்டால் மிச்சம் 13 அடி. பத்தாது. மடக்கி மடக்கி இரண்டு வரிசையாகக் கொண்டுபோக அகலம் இல்லை.

"கொஞ்சம் செங்குத்தாப் போட்டா என்ன?" என்று கேட்டார்கள். ஏற்காட்டுக்கு எதற்கு 20 கொண்டை ஊசி வளைவு என்று திருப்பிக் கேட்டேன். அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் மலை இதோ இருக்கிறது, நேராகக் கோடு கிழித்தால் தூரம் கொஞ்சம்தான். ஆனாலும் பஸ் ஏறுவது வளைந்து வளைந்துதான். பஸ்ஸுக்கு இன்ஜின் இருக்கிறது, இந்தத் தம்பிக்கு இருப்பது இரண்டு கை.

சாக்கடைமேல் ஸ்லாப் போட்டு ரோட்டுக்கு நீட்டிவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் கார் ஏற்றுவதற்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அது ஆக்கிரமிப்பு. தூர்வார வருகிறபோது முதலில் இடிபடுவது அதுதான். ரோட்டில் நடக்கிற, அதிலும் கோல் ஊன்றி நடக்கிற இன்னொருவரின் காலை அது தட்டிவிடும். ஒருவருக்கு வழி விடப்போய் இன்னொருவர் வழியை மறித்ததாக ஆகும். முன்வாசல் யோசனையை மனசில்லாமல்தான் விட்டோம்.

சின்ன லிஃப்ட்

இரண்டு அடி, மூன்று அடி உயரத்துக்கென்றே மேடை மாதிரி ஏறி இறங்குகிற லிஃப்ட் வருகிறது. இடம் கொஞ்சம் போதும். விலை கேட்டோம், எங்கள் ஒன்றரை லட்சத்துக்கு எட்டாத தூரம். அப்படியே நன்கொடை கிடைத்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். சில வருடங்களுக்கு முன் நான் வரைபடம் போட்ட ஒரு திருமண மண்டபத்தில் இதே மாதிரி ஒன்று வைத்தார்கள். திறப்பு விழா அன்று எல்லோரும் ஏறி இறங்கிப் போட்டோ எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது அதன்மேல் இரண்டு அண்டாவும் ஜமுக்காளக் கட்டும் இருந்தன. சாவி மேனேஜரிடம், மேனேஜர் ஊரில் இல்லை.

கரன்ட் வேண்டும், பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும், சாவி வைத்திருக்க ஆள் வேண்டும். மாடி இருக்கிற கட்டடம் என்றால் லிஃப்ட் தவிர வழியில்லை, அது வேறு பேச்சு. தரைத்தளத்துக்கு ஏற இரண்டு அடிக்கு மோட்டாரை நம்புவது தேவையில்லாத வேலை. சிமென்டிலும் பராமரிப்பு இல்லாமல் இல்லை, ஆனால் அது கரன்ட் போனால் நிற்காது.

இடம் மாறுவது

படியே இல்லாத ஒரு ஷட்டர் கடை, ரோடு மட்டத்தில், குகைப் பக்கம் வாடகைக்கு இருந்தது. வீல்சேர் நேராக உள்ளே போய்விடும். நான் கிட்டத்தட்ட சரி என்றே சொல்லிவிட்டேன். பக்கத்து டீக்கடைக்காரர்தான் சுவரைப் பார்க்கச் சொன்னார். முழங்கால் உயரத்தில் சேற்றுக்கோடு.

இந்த ஊரில் வீட்டைத் தூக்கிக் கட்டுவது சும்மா இல்லை. ஊர் நடுவே திருமணிமுத்தாறு போகிறது. ரோடு ஏறிக்கொண்டே போகிறது. பெருமழை வந்தால் தாழ்ந்த தெருவில் தண்ணீர் எந்த வீட்டுக்குள் போகும் என்று யாருக்கும் தெரியும். படி என்பது நம் ஊரில் திமிருக்குக் கட்டியது அல்ல, தண்ணீருக்குப் பயந்து கட்டியது. புத்தகம் வைக்கிற இடத்தைத் தாழ்வில் கொண்டுபோய் வைக்க முடியாது. ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் நல்ல கட்டடங்கள் இருந்தன, வாடகை கேட்டுத் திரும்பி வந்துவிட்டோம்.

"வீட்டிலிருந்தே படிக்கட்டுமே"

நோட்ஸை எல்லாம் ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம், மாதிரித் தேர்வை ஆன்லைனில் வைத்துவிடலாம் என்பது ஆறாவது யோசனை. செலவு மிகக் குறைவு. கேட்கப் புதுமையாகவும் இருக்கும். எனக்கு இருப்பதிலேயே கோபம் வந்தது இதில்தான். படிப்பகத்துக்கு வருகிறவன் நோட்ஸுக்காக மட்டுமா வருகிறான்? பக்கத்து மேசைக்காரன் எந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டு முழிக்கிறான் என்று பார்க்க, நாலு மணிக்கு தட்டுவடை செட் வாங்கித் தின்ன, "கட் ஆஃப் எவ்வளவு போகும்" என்று முடிவே இல்லாமல் பேச வருகிறான். அதை எடுத்துவிட்டு நோட்ஸை மட்டும் அனுப்புவது, கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் சாப்பாட்டை மட்டும் பார்சல் அனுப்புகிற மாதிரி.

ஆனால் இந்த யோசனையைப் பேசப்போய்த்தான் இன்னொரு கதவு மூடியிருப்பது தெரிந்தது. பார்வை குறைந்த அந்தத் தங்கைக்கு எங்கள் நான்கு படி ஒரு பொருட்டே இல்லை, தடவித் தடவி ஏறிவிடுவார். அவர் தடுக்கி விழுந்தது எங்கள் கோப்புகளில்.

அவர் லேப்டாப்பில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான், அதாவது திரையில் இருக்கிற எழுத்தைக் குரலில் படித்துக் காட்டுகிற மென்பொருள் இருக்கிறது. 2006ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கி, இன்னொரு பார்வையற்ற நண்பரும் சேர்ந்து வளர்த்தது, இலவசம், தமிழும் படிக்கும். எங்கள் பொது அறிவு நோட்ஸைத் திறந்தார். குரல் வரவில்லை. காரணம், அது பக்கத்தைப் படம் பிடித்த கோப்பு, அதற்குள் எழுத்தே கிடையாது. சரி, டைப் செய்த கோப்பு இருக்கிறதே என்று இன்னொன்றைக் கொடுத்தோம். திரையில் அழகாகத் தமிழ் தெரிகிறது. குரலோ "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்கிறது. எல்லோரும் சிரித்துவிட்டோம், அவரும்தான். பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று வர அந்த விசைகளைத்தான் தட்டுவோம். கண்ணுக்குத்தான் அது தமிழ், கம்ப்யூட்டருக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். கம்ப்யூட்டருக்கும் தமிழ் தமிழாகவே தெரிகிற குறியீட்டு முறைக்கு யூனிகோடு என்று பெயர். தமிழக அரசு 2010லேயே அதற்கு மாறச் சொல்லி ஆணை போட்டுவிட்டது. டிடிபி சென்டர்களும் நாங்களும்தான் பழைய விசைப்பலகையை விடவில்லை.

கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மூன்று பேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். செலவு டீ, போண்டா. இந்தக் கதையில் மிக மலிவாக முடிந்த வேலை இதுதான். இதை யாராவது ஐந்து வருடம் முன்பே கேட்டிருந்தால் அப்போதே முடிந்திருக்கும்.

யாராவது கேட்டிருந்தால் என்று எழுதும்போதே உறுத்துகிறது. 2024 நவம்பர் 8ஆம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிரித்துச் சொன்னது. ஒருவர் வந்து கேட்ட பிறகு அவருக்கென்று செய்து கொடுக்கிற வசதி ஒன்று. யாரும் வருவதற்கு முன்பே, யார் வந்தாலும் நுழைகிற மாதிரி இடத்தை வைத்திருப்பது வேறொன்று. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாகக் கணக்குக் காட்ட முடியாது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரை அளவில் வைத்திருந்த 2017ஆம் வருட விதி 15, அது எந்தச் சட்டத்தின் கீழ் வந்ததோ அந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்துக்கே முரணானது, கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. 2016ஆம் வருடத்து அந்தச் சட்டம், பொதுமக்கள் வந்து போகிற தனியார் கட்டடத்தையும் பொதுக் கட்டடம் என்றே சொல்கிறது. "நம்மளது சின்ன படிப்பகம்தானே" என்று பொருளாளர் ஆரம்பித்தபோது இதைத்தான் எடுத்து வைத்தேன்.

சந்து

கடைசியில் மிஞ்சியது கட்டடத்துக்கு இடது பக்கத்துச் சந்து. ஆறடி அகலம், நாற்பதடி நீளம். எங்கள் இடம்தான், யாருக்கும் பங்கு இல்லை. இதில் 24 அடி தாராளமாக வரும்.

இதில் இரண்டு சண்டை. முதலாவது மேஸ் எழுதி வைத்த முதல் நெறி கிளப்பியது. சந்து வழியாகப் போனால் அது பின்வாசல். கழிப்பறையைத் தாண்டி, பழைய பேப்பர் கட்டுகளைத் தாண்டி உள்ளே வர வேண்டும். "நாங்க எல்லாம் முன்னால, அவரு மட்டும் கொல்லைப்பக்கமா?" என்று கேட்டவர் ஒரு பெண் உறுப்பினர். தன் பாட்டி காலத்தில் இப்படித்தான் சிலரைக் கொல்லைப்பக்கம் வரச் சொல்வார்கள் என்றார். கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது.

அதற்கு விடை பிளானிலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. சந்துப் பக்கச் சுவரில், படிக்கிற கூடத்தின் நடுவிலேயே ஒரு பெரிய ஜன்னல். அதை இடித்துக் கதவாக்கினால் நேராகக் கூடத்துக்குள் வரலாம். அதையே எல்லோருக்கும் முதல் வாசலாக்கிவிட்டால்? செருப்பு விடுகிற இடம், வருகைப் பதிவேடு, தண்ணீர் கேன் எல்லாம் அந்தப் பக்கம் மாறும். படி வாசல் அவசரத்துக்கு இரண்டாவது வழியாக இருக்கட்டும். ஆனால் கூடத்துக்கு நடுவில் கதவு என்றால் சந்தின் நீளத்தில் பாதிதான் நமக்குக் கிடைக்கும். ஆகையால் ரோட்டிலிருந்து உள்ளே போகிற சாய்தளம் பத்தாது. சந்தின் கடைசி வரை தரைமட்டத்தில் போய்த் திரும்பி வரவும் அகலம் இல்லை. கதவைக் கூடத்தின் பின்கோடிக்கு, புத்தக அலமாரிக்குப் பக்கத்து ஜன்னலுக்குத் தள்ளினோம். அலமாரி இடம் மாறியது. ரோட்டோரம் நான்கடிச் சமதளம், பன்னிரண்டடி ஏற்றம், நடுவில் நான்கடிச் சமதளம், மறுபடி பன்னிரண்டடி, மேலே கதவுக்கு முன்னால் ஐந்தடி. மொத்தம் 37 அடி.

நடுவில் அந்தச் சமதளம் வேண்டுமா, அல்லது அந்த நாலடியையும் ஏற்றத்திலேயே சேர்த்து அடிக்கு ஓர் அங்குலத்தைவிடக் கொஞ்சம் குறைவாக ஒரே மூச்சில் கொண்டுபோகலாமா என்று எனக்குக் குழப்பம். தம்பியையே கேட்டேன். "சாய்வு கம்மியா இருந்தா நல்லதுதான். ஆனா கை ஓய்ஞ்சா நிக்க ஓர் இடம் வேணும்ணா. ஏத்தத்துல நின்னா பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும்" என்றார். பதினைந்து வருடம் பிளான் போட்டவனுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

இரண்டாவது சண்டை பைக். சந்தில் தினமும் பன்னிரண்டு பைக் நிற்கும். சாய்தளம் வந்தால் பைக் ரோட்டில்தான். பணத்துக்கு இவ்வளவு சண்டை வரவில்லை. இரண்டு பேர் சந்தா கட்ட மாட்டேன் என்றார்கள். எதிர்த்த வீட்டுக் காலி மனையைக் கேட்டு வாங்கியதில் ஏழு பைக்குக்கு இடம் கிடைத்தது. மீதி ஐந்து பேர் இன்னும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

வேலை ஆரம்பித்த பிறகு வந்த சின்னச் சின்ன விஷயங்கள்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன. புதுக் கதவுக்கு வழக்கம்போல ஆசாரி நிலைப்படியோடு வாசக்கால் செய்து கொண்டுவந்துவிட்டார். ஒன்றரை அங்குல மரம்தான், ஆனால் வீல்சேரின் முன்சக்கரம் அதில் முட்டி நிற்கும். வெட்டிவிடலாம் என்றதும் வீட்டுக்கார அம்மா பதறிவிட்டார். "வாசப்படி இல்லாத வாசலா?" மஞ்சள் குங்குமம் வைக்கிற இடம் அது. அரை நாள் பேச்சு. கடைசியில் அவரே வந்து, "முன்வாசல்லதான் படி இருக்கே, இதுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, புது வாசக்காலின் இரண்டு பக்கமும் மஞ்சள் பூசிவிட்டுப் போனார்.

படி இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வருமே என்று கதவுக்கு வெளியே குறுக்காக ஒரு சின்ன வாய்க்கால் விட்டு, மேலே இரும்பு ஜல்லடை போட்டோம். ஜல்லடையின் கம்பிகள் வண்டி போகிற திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நேராக இருந்தால் முன்சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும். பட்டறைக்காரர் முதலில் நேராகத்தான் வைத்திருந்தார்.

தரைக்குக் கொத்தனார் ஆழக் கோடு போட்ட பார்க்கிங் டைல்ஸ் சொன்னார். வழுக்காதுதான், ஆனால் சக்கரம் கடகடவென்று குதிக்கும், முதுகில் அடிபட்டவருக்கு அது வலி. வழவழப்பாக விட்டால் மழையில் நாம் வழுக்குவோம். சிமென்ட் காய்கிற நேரத்தில் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே ஓர் இழுப்பு இழுத்து விட்டதில் இரண்டுக்கும் நடுவாக அமைந்துவிட்டது. கைப்பிடிக் கம்பி இரண்டு வரிசை, மூன்றடியில் ஒன்று, இரண்டரை அடியில் ஒன்று. ஓரத்தில் சக்கரம் தவறி இறங்காமல் இருக்க ஒரு செங்கல் உயரத்துக்குத் திட்டு.

எல்லாம் முடிந்து அந்தத் தங்கை முதல் நாள் வந்தார். சாய்தளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் தடுமாறினார். சாம்பல் நிறத் தரையில் இருந்து சாம்பல் நிறச் சரிவு எழுகிறது, பார்வை குறைந்தவருக்கு எல்லாம் ஒன்றுதான். படி என்றால் காலுக்குத் தெரியும், சரிவு தெரியாது. தொடக்கத்திலும் நடுவிலும் மேலேயும் பட்டையாக மஞ்சள் பெயின்ட் அடித்தோம், சந்துக்கு ஒரு குழல் விளக்கு போட்டோம். ஒருவருக்கு வழி போட்டால் எல்லோருக்கும் போட்டதாகிவிடும் என்று நினைத்திருந்தேன், அப்படி ஆகிவிடாது. சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. நாங்கள் யோசித்தது இரண்டை. காது கேளாத ஒருவர் நாளை வந்தால் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவருக்கு என்ன இருக்கிறது என்று பார்த்தால், ஒன்றுமில்லை.

கழிப்பறை

சாய்தளத்தைவிட இதற்குத்தான் பணம் அதிகம் போனது. யாரும் இதைப் பற்றிக் கூட்டத்தில் பேசவே இல்லை, நானும்தான். சாய்தளம் பாதி முடிந்தபோது தம்பி சாதாரணமாகச் சொன்னார்: "நான் வெளிய வர்ற அன்னிக்குக் காலைல இருந்து தண்ணி குடிக்க மாட்டேண்ணா." சேலத்து வெயிலில், எட்டு மணி நேரம்.

பழைய கழிப்பறைக் கதவு இரண்டேகால் அடி, உள்ளே இந்தியன் டாய்லெட், தரை மூன்று அங்குலப் பள்ளம். மூன்றையும் மாற்ற வேண்டியிருந்தது. மூன்றடி தெளிவாகத் திறக்கிற கதவு, அதுவும் வெளிப்பக்கம் திறப்பது. உள்பக்கம் திறந்தால் உள்ளே போன நாற்காலி கதவைச் சாத்த விடாது. வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்தில் சுவரோடு பிடிமானக் கம்பி. உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும் என்பது அளவு. எங்களுக்குக் கிடைத்தது நாலரை. பக்கத்துச் சாமான் அறையின் சுவரை இடித்தால் ஐந்தடி வரும், அதற்கு இப்போது பணம் இல்லை. தம்பி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, பின்னால் நகர்ந்து வெளியே வந்துகொள்கிறேன், இப்போதைக்குப் போதும் என்றார். அது நான் குறைவாகச் செய்த வேலை, அவர் பெருந்தன்மையாகச் சொன்ன வார்த்தை.

இரண்டு பேருக்காகப் பணத்தைக் கொட்டுகிறோமே என்ற பேச்சு கடைசி வரை இருந்தது. இப்போது தண்ணீர் கேன் போடுகிற பையன் கேனைத் தோளில் சுமப்பதில்லை, வண்டியோடு தள்ளிக்கொண்டு மேலே வருகிறான். வீட்டுக்கார அம்மாவுக்கு மூட்டுவலி, அவர் முன்படியில் ஏறி மாதக்கணக்காகிவிட்டது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் இவர்கள் யாரும் வராமல், அந்தத் தம்பி ஒருவர் மட்டுமே பயன்படுத்தினாலும் இந்தச் செலவு சரிதான் என்பது என் எண்ணம். கூட்டத்தில் அதைச் சொன்னபோது பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை.

இன்னும் சரியாகாத ஒன்று ஸ்கூட்டர். தம்பி ஸ்கூட்டரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு நாற்காலிக்கு மாற வேண்டும். நாற்காலி உள்ளே இருந்தால் யாராவது எடுத்து வர வேண்டும், மறுபடி போன். சாய்தளத்தின் கீழ்ச் சமதளத்தில் தகரக் கூரை போட்டு, ஒரு வீல்சேரை அங்கேயே பூட்டி வைத்து, சாவியை அவரிடம் கொடுத்திருக்கிறோம். பக்கச் சக்கரம் வைத்த வண்டி அகலமானது. யாராவது அந்த இடத்தில் பைக்கை நிறுத்திவிட்டால் அவரால் இறங்க முடியாது. அப்படி மூன்று முறை நடந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஐந்து பேரில் யாராவதுதான் என்று எனக்குச் சந்தேகம், கேட்கவில்லை.

பெயர்ப்பலகையும் இன்னும் முன்படிக்கு மேலேயே தொங்குகிறது. அதனால் புதிதாக வருகிறவர்கள் நான்கு படி ஏறி, பூட்டிய கதவைத் தட்டிவிட்டு, கீழே இறங்கிச் சந்துக்கு வருகிறார்கள். பெயின்டர் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.